உதவுவதற்கா, ஆள்வதற்கா? பலவீனமானவர்களின் பொறுப்பு என்னும் அமானத்

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாகட்டும். அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்துகொள்கிறேன்.

இந்த ஜும்ஆவில் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். ஒருவருக்கு உதவி செய்யும் பொறுப்பு நம்மிடம் வருகிறது. அவர் வயது வந்தவர். ஆனால் பிறவியிலேயே அறிவு வளர்ச்சியில் குறைபாடு உள்ளவர். அவர் எடுக்கப் போகும் முடிவு தவறு என்று நமக்குத் தெரிகிறது. தடுப்பதா, விடுவதா? தடுத்தால் நாம் பாதுகாவலரா, அவர் மீது ஆதிக்கம் செலுத்துகிறவரா? விட்டால் அவரை மதித்தோமா, கைவிட்டோமா?

வீட்டில் இப்படி ஒரு சகோதரரோ சகோதரியோ உள்ளவர்கள் இந்தக் கேள்வியோடுதான் வாழ்கிறார்கள். இதையே தொழிலாகச் செய்கிறவர்களும் நம்மில் உண்டு. 2022-இல் பிரிட்டன் தன் விசா விதிகளில் பராமரிப்புப் பணியாளர்களையும் சேர்த்த பிறகு, தமிழ்நாட்டிலிருந்தும் நம் பிள்ளைகள் அந்த வேலைக்குப் போனார்கள். சிலர் முதியோருக்கு உதவுகிறார்கள். சிலர் டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள் தனி வீட்டில் வாழ உதவுகிறார்கள். அங்கே இவர்களை சப்போர்ட் ஒர்க்கர் என்பார்கள். நாம் உதவியாளர் என்று சொல்லிக்கொள்வோம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 40 வயது. எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. பணம் கொடுத்தால் மீதி எவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் பார்க்கத் தெரியாது. மாத்திரை நேரத்தை ஒருவர் நினைவூட்ட வேண்டும். ஆனால் அவர் தன் வீட்டில் தனியாக வாழ்கிறார். ஒருநாள் கடைக்குப் போனவர், அந்த வாரச் செலவுக்கு வைத்திருந்த பணம் முழுவதையும் கொடுத்து ஒரு ஹெட்போன் வாங்க நிற்கிறார். நீங்கள் அவருடைய உதவியாளர். அவர் பக்கத்தில் நிற்கிறீர்கள். என்ன செய்வீர்கள்?

பெரிய கட்டடத்திலிருந்து சொந்த வீட்டுக்கு

ஏன் இவர்களைத் தனி வீட்டில் வைக்க வேண்டும், எல்லோரையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டால் பாதுகாப்புத்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். பிரிட்டனும் நீண்ட காலம் அப்படித்தான் நினைத்தது. ஊருக்கு வெளியே பெரிய மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கானோரை ஆயுள் முழுவதும் வைத்திருந்தார்கள். 1967-இல் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரின் ஈலி மருத்துவமனையில், ஒரு கடைநிலை ஊழியர் அங்கே நடக்கும் கொடுமைகளை வெளியே சொன்னார். விசாரணை நடந்தது. 1969-இல் அறிக்கை வெளியானது. 1971-இல் அரசு தன் கொள்கையை மாற்றியது. பிறகு பல பத்தாண்டுகளில் அந்தக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, அங்கிருந்தவர்கள் ஊருக்குள் வீடுகளுக்கு வந்தார்கள். ஒரு சாதாரண ஊழியர் வாய் திறந்ததில் எவ்வளவு பெரிய கதவு திறந்தது என்று பாருங்கள்.

நம் ஊரிலும் ஒரு நெருப்பு எரிந்தது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், ஓலைக் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். அவர்கள் மனநோயாளிகள். நாம் இன்று பேசும் அறிவுசார் குறைபாடு வேறு, மனநோய் வேறு. ஆனால் சங்கிலி ஒன்றுதான். அவர்களைக் கட்டியவர்களும் பாதுகாப்புக்காகத்தான் கட்டினோம் என்று சொல்லியிருப்பார்கள். ஓடி விடக் கூடாது, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள். தீ வந்தபோது அந்தப் பாதுகாப்பே அவர்களைக் கொன்றது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

கதவைத் தட்டுங்கள்

இங்கிலாந்தில் இப்போதுள்ள ஏற்பாட்டில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. வீடு தனி, உதவி தனி. வாடகை ஒப்பந்தம் அந்த மனிதரோடுதான். உதவியாளரை அனுப்பும் நிறுவனத்தை மாற்றினாலும் அவர் வீடு போகாது. அதாவது, உதவியாளர் வேலை செய்யும் இடம் இன்னொருவருடைய இல்லம். அவர் அங்கே விருந்தாளி போன்றவர்.

இதைக் கேட்டதும் நமக்கு சூரத்துந் நூர் நினைவுக்கு வர வேண்டும். பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லாமல் நுழையக் கூடாது என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான் (24:27). திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிப் போக வேண்டும், அதுவே தூய்மையானது என்கிறான் (24:28). இந்த வசனங்களில், வீட்டுக்காரர் புத்திசாலியாக இருந்தால் மட்டும் என்று ஒரு நிபந்தனை உண்டா? இல்லை.

உதவியாளரின் கையில் சில வீடுகளின் சாவி இருக்கும். சாவி கையில் இருப்பது அனுமதி ஆகிவிடாது. சாவி இருந்தும் கதவைத் தட்டி, பதில் வரும்வரை நிற்பவர்தான் அந்த வசனத்தின்படி நடந்தவர். ஆபத்து என்று சந்தேகம் வந்தால் உள்ளே போகலாம், போகவும் வேண்டும். மற்ற நாட்களில் அந்த இரண்டு நிமிடக் காத்திருப்பு, "இது உங்கள் வீடு" என்று அவருக்குச் சொல்லும் ஸலாம்.

வீட்டில் இப்படி ஒரு சகோதரர் உள்ளவர்களே, அவர் அறைக்குள் நீங்கள் எப்படி நுழைகிறீர்கள்? அவர் பெட்டியை யார் வேண்டுமானாலும் திறக்கிறார்களா? யோசித்துப் பாருங்கள்.

"அவன் குழந்தை மாதிரி" என்கிறோம்

நம் பேச்சில் ஒரு பழக்கம் இருக்கிறது. 35 வயது மனிதரைக் காட்டி, "அது சின்னப் பிள்ளை மாதிரிங்க, ஒண்ணும் தெரியாது" என்போம். பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் குழந்தை என்று சொன்ன மாத்திரத்தில் சில உரிமைகள் பறிபோகின்றன. குழந்தையிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. அதன் முன்னாலேயே அதைப் பற்றிப் பேசுவோம். என்ன உடை, எப்போது தூக்கம் என்று நாமே தீர்மானிப்போம்.

மதீனாவில் ஒரு பெண்மணி இருந்தார். அவருடைய அறிவில் ஏதோ ஒரு குறை இருந்தது என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, உங்களிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும் என்றார். நபியவர்கள் அவரை இன்னாரின் தாயாரே என்று அழைத்து, எந்தத் தெரு உங்களுக்கு விருப்பமோ அதைப் பாருங்கள், அங்கே உங்கள் தேவையை நிறைவேற்றுகிறேன் என்றார்கள். பிறகு அவருடன் ஒரு வழியோரத்தில் நின்று, அவர் பேசி முடிக்கும்வரை இருந்தார்கள் (முஸ்லிம்).

இந்தச் சிறிய சம்பவத்தில் எத்தனை பாடங்கள்! அரபியரிடம் இன்னாரின் தாய் என்று அழைப்பது மரியாதை. அறிவில் குறை உள்ள பெண் என்பதற்காக அந்த மரியாதை குறையவில்லை. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்குத் தரப்பட்டது. ஊருக்கே தலைவராக இருந்தவர், அந்தப் பெண் காட்டிய தெருவுக்கு நடந்து போனார்கள். பேசி முடியும்வரை நின்றார்கள், அவசரப்படுத்தவில்லை. அதுவும் எல்லோரும் பார்க்கும் பொது வழியில், எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாமல்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குப் பல நாட்கள் பயிற்சி கொடுக்கிறார்கள். அந்தப் பயிற்சியின் சாரம் இந்த ஒரு ஹதீஸில் இருக்கிறது: மரியாதையாக அழை, தேர்வு செய்யக் கொடு, நேரம் கொடு.

ஏமாற்றப்பட்ட வியாபாரி

இப்போது அந்த ஹெட்போன் கடைக்கு வருவோம். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் இதே போன்ற ஒரு வழக்கு வந்தது.

ஒரு நபித்தோழர். ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்று சில அறிஞர்களும், அவருடைய தந்தை முன்கித் (ரலி) என்று சிலரும் சொல்கிறார்கள். தலையில் பட்ட காயத்தால் அவருடைய பேச்சும் சிந்தனையும் பலவீனமாகிவிட்டன. ஆனால் வியாபாரத்தை மட்டும் விடவில்லை. போகும் இடமெல்லாம் ஏமாந்துகொண்டே இருந்தார். அவருடைய வீட்டார் பொறுக்க முடியாமல் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். இவருக்கு வியாபாரத் தடை விதித்துவிடுங்கள் என்று கேட்டார்கள். ஃபிக்ஹில் இதற்கு ஹஜ்ர் என்று பெயர்.

நபியவர்கள் அவரை வரவழைத்து, வியாபாரம் வேண்டாம் என்று தடுத்தார்கள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? அல்லாஹ்வின் தூதரே, வாங்கி விற்காமல் என்னால் இருக்க முடியவில்லையே என்றார் (அபூதாவூத், திர்மிதி).

இந்த இடத்தில் நாமாக இருந்தால், "உன் நல்லதுக்குத்தான் சொல்றோம், பேசாம வீட்டில் உட்காரு" என்று முடித்திருப்போம். நபி (ஸல்) அவர்கள் அவருடைய பதிலைக் கேட்டுத் தம் முடிவை மாற்றினார்கள். விட முடியாது என்றால், வாங்கும்போது "லா கிலாபா" என்று சொல்லிவிடுங்கள் என்றார்கள். ஏமாற்று வேலை இருக்கக் கூடாது என்பது அதன் பொருள். புகாரியிலும் முஸ்லிமிலும் இந்தச் சொல் பதிவாகியிருக்கிறது. இப்னு மாஜாவின் அறிவிப்பில் இன்னொன்றும் உண்டு: வாங்கிய பொருளை மூன்று இரவுகள் வைத்துப் பார்த்து, பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம்.

சகோதரர்களே, இதில் இருக்கும் ஞானத்தைக் கவனியுங்கள். வீட்டார் முன்வைத்தது இரண்டே வழி. ஒன்று, தடுப்பது. இல்லாவிட்டால் ஏமாற விடுவது. நபி (ஸல்) அவர்கள் மூன்றாவது வழியைத் திறந்தார்கள். அவருடைய ஆசையைப் பறிக்கவில்லை, அவரைத் தனியே விடவுமில்லை. அவர் கையில் ஒரு சொல்லைக் கொடுத்தார்கள். எதிரே இருக்கும் வியாபாரியின் மீது பொறுப்பை வைத்தார்கள். தவறு நடந்தால் திரும்பி வர ஒரு வாசலை வைத்தார்கள்.

அந்த ஹெட்போன் கடையில் நிற்கும் உதவியாளருக்கு இதில் பதில் இருக்கிறது. கையைப் பிடித்து இழுக்காதீர்கள். "இதை வாங்கினால் வியாழக்கிழமை வரை சாப்பாட்டுக்கு இவ்வளவுதான் மிஞ்சும்" என்று நோட்டுகளை மேசையில் பிரித்து வைத்துக் காட்டுங்கள். சொல்லிப் புரியாதது கண்ணால் பார்த்தால் புரியலாம். விலை குறைந்தது வேறு உண்டா என்று அவரோடு சேர்ந்து தேடுங்கள். எத்தனை நாளில் திருப்பித் தரலாம் என்று கடைக்காரரிடம் அவரையே கேட்கச் சொல்லுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் அவர் வாங்கினால், ரசீதைப் பத்திரப்படுத்த உதவுங்கள். மூன்று இரவுகளின் வாசல் அந்த ரசீதில் இருக்கிறது.

தவறு செய்யும் உரிமை

இதில் நம் இமாம்களும் ஆழமாகச் சிந்தித்திருக்கிறார்கள். புத்தி இருந்தும் பணத்தைப் பாழாக்குகிறவரை ஃபிக்ஹில் சஃபீஹ் என்பார்கள். அப்படிப்பட்ட வயது வந்தவருக்கு ஹஜ்ர் விதிக்கலாமா? பெரும்பான்மை அறிஞர்கள் விதிக்கலாம் என்றார்கள். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கூடாது என்றார்கள். அவர்களின் மாணவர்கள் அபூயூசுஃப், முஹம்மது (ரஹ்) இருவருமே இதில் ஆசிரியரோடு உடன்படவில்லை. இமாம் அபூஹனீஃபாவின் வாதத்தை ஹிதாயா நூல் விளக்குகிறது. ஒருவருடைய அதிகாரத்தைப் பறித்தால் அவருடைய மனிதத் தன்மையையே பறித்து, கால்நடைகளோடு சேர்த்துவிடுகிறோம். பணம் வீணாவதைவிட அது பெரிய இழப்பு என்பதே அந்த வாதத்தின் கருத்து. ஹப்பான் (ரலி) ஹதீஸைத் தடை உண்டு என்போரும் ஆதாரமாகக் கொள்கிறார்கள், தடை இல்லை என்போரும் கொள்கிறார்கள்.

அறிவு வளர்ச்சியிலேயே குறை உள்ளவரின் சட்டம் வேறு. அவரை மஃதூஹ் என்பார்கள். ஹனஃபி ஃபிக்ஹில் அவருடைய செயல்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள். அன்பளிப்பைப் பெறுவது போல நன்மை மட்டும் உள்ளது செல்லும். சொத்தைத் தானமாகக் கொடுத்துவிடுவது போல இழப்பு மட்டும் உள்ளது செல்லாது. வாங்குவது விற்பது போல இரண்டுக்கும் இடமுள்ளது பொறுப்பாளரின் சம்மதத்தோடு செல்லும். அதாவது, ஒரே அடியாக "இவனுக்கு ஒன்றும் தெரியாது" என்று எழுதி மூடவில்லை. ஒவ்வொரு செயலாகப் பார்த்தார்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005-இல் மென்டல் கெப்பாசிட்டி சட்டம் என்று ஒரு சட்டம் வந்தது. உதவியாளர் வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் அதைப் படித்தாக வேண்டும். அதன் தொடக்கத்தில் ஐந்து விதிகள் இருக்கின்றன. வேறு விதமாக நிரூபிக்கப்படும்வரை, ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் உண்டு என்றே கொள்ள வேண்டும். அவரே முடிவெடுக்க எல்லா உதவியும் செய்து பார்க்க வேண்டும். புத்திசாலித்தனமற்ற முடிவு எடுத்தார் என்பதாலேயே திறன் இல்லாதவர் என்று சொல்லிவிடக் கூடாது. அவருக்காக நாம் முடிவெடுக்க நேர்ந்தால் அது அவருடைய நலனுக்காக இருக்க வேண்டும். அதிலும் அவருடைய சுதந்திரத்தை மிகக் குறைவாகக் கட்டுப்படுத்தும் வழியைத் தேட வேண்டும். இந்தத் திறனையும் ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகவே பார்க்கச் சொல்கிறார்கள். வீட்டை விற்பதன் விளைவை விளங்கிக்கொள்ள முடியாத ஒருவருக்கு, இன்று என்ன சமைப்பது என்று தீர்மானிக்கத் தெரியும்.

இது மனிதர்கள் எழுதிய சட்டம், அது ஃபிக்ஹ். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே வேலை செய்யும் முஸ்லிம் இந்த விதிகளைக் கேட்கும்போது அந்நியமாக உணரத் தேவையில்லை. இந்தக் கேள்வி நம் மத்ரஸாக்களில் பல நூற்றாண்டுகளாகப் பேசப்பட்ட கேள்விதான்.

நீங்கள் உங்களையும் கேட்டுப் பாருங்கள். உங்கள் வாழ்க்கையில் தவறான முடிவே எடுத்ததில்லையா? வேண்டாத பொருளை வாங்கியதில்லையா? டாக்டர் சொல்லியும் இனிப்புச் சாப்பிட்டதில்லையா? அப்போது யாராவது வந்து உங்கள் ஏடிஎம் கார்டை வாங்கிப் பூட்டி வைத்தார்களா? நமக்குத் தவறு செய்து கற்றுக்கொள்ள அனுமதி உண்டு. அவர்களுக்கு மட்டும் ஒரு தவறு செய்தால் சுதந்திரமே போய்விடுகிறது.

யாருக்காகப் பயப்படுகிறோம்?

அப்படியானால் எதையும் தடுக்கவே கூடாதா? இல்லை. தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கால் ஈடு செய்வதும் கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதி. உயிருக்கு ஆபத்து வரும்போது, அதை விளங்கிக்கொள்ள அவரால் முடியாதபோது, பார்த்துக்கொண்டு நிற்பது மரியாதை ஆகாது. அது கைவிடுதல்.

வலிப்பு நோய் உள்ளவர் குளியல் தொட்டியில் தனியாகப் படுத்துக் குளிக்க ஆசைப்படுகிறார். இது விளையாட்டு இல்லை. தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஆனால் இங்கேயும் உடனே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே போய் நிற்பதுதான் ஒரே வழியா? தொட்டிக்குப் பதிலாக ஷவரில் குளிக்கச் சம்மதிப்பாரா? தாழ்ப்பாள் போடாமல் சாத்திக்கொண்டு, நீங்கள் வெளியே பேச்சுக் குரல் கேட்கும் தூரத்தில் நிற்கலாமா? அவருடைய மானமும் உயிரும் இரண்டும் அமானத். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை வீசிவிடுவது சுலபம். இரண்டையும் சேர்த்துக் காப்பதற்குத்தான் யோசனை வேண்டும், பொறுமை வேண்டும்.

எப்போது தடுப்பது, எப்போது விடுவது என்பதற்கு ஒரு சூத்திரம் கிடையாது. ஆனால் உங்கள் நிய்யத்தைச் சோதிக்க ஒரு கேள்வி உண்டு: நான் இப்போது எதற்குப் பயப்படுகிறேன்? அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்றா? இல்லை, எனக்குக் கெட்ட பெயர் வரும், வேலை அதிகமாகும், நேரம் ஆகும் என்றா? அவர் சட்டைப் பொத்தானைப் போட பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறார். நீங்கள் போட்டுவிட்டால் அரை நிமிடம். நீங்களே போட்டுவிட்டால் அதை உதவி என்று சொல்வீர்கள். உண்மையில் அது உங்கள் அவசரம். தினமும் அப்படிச் செய்தால் அவர் கை அந்த வேலையை மறந்துவிடும்.

பொய்யும் பணமும்

இந்த வேலையில் ஷைத்தான் இரண்டு வழிகளில் வருவான்.

ஒன்று பொய். "கடையை மூடிட்டாங்க." "நாளைக்குப் போகலாம்." "உங்க அண்ணன் வரேன்னு சொல்லியிருக்காரு." ஒரு சின்னப் பொய் சொன்னால் அவர் அடங்கிவிடுகிறார், நமக்கும் நிம்மதி. ஒரு தாய் தன் குழந்தையை, வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று கூப்பிட்டார். என்ன கொடுக்க நினைத்தீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அந்தத் தாய். எதுவும் கொடுக்காமல் விட்டிருந்தால் அது உங்கள் மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்றார்கள் (அபூதாவூத்). குழந்தையிடமே இப்படி என்றால், உங்களை நம்பி வாழும் 40 வயது மனிதரிடம்? அவருக்குக் கணக்கு வராமல் போகலாம். யார் தன்னிடம் உண்மை பேசுகிறார்கள் என்பது நாளடைவில் அவருக்குத் தெரிந்துவிடும்.

சில வேலைகள் நம் மார்க்கத்தோடு மோதும். மது வாங்கி வரச் சொல்வார்கள். மதுவைச் சுமந்து செல்வது பற்றி ஹதீஸில் வந்துள்ள எச்சரிக்கை கடுமையானது. வேலையில் சேரும்போதே நிர்வாகத்திடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், அந்த வேலையை வேறொருவருக்கு ஒதுக்கக் கேளுங்கள், உங்கள் சூழ்நிலையைச் சொல்லி நம்பகமான ஆலிமிடம் விளக்கம் பெறுங்கள். ஆனால் அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில் "கடையில் இல்லை" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். ஹராமிலிருந்து தப்ப இன்னொரு ஹராம் வழியாகாது.

இரண்டாவது பணம். பொருளை நிர்வகிக்கத் தெரியாதவர்களிடம் அதை அப்படியே ஒப்படைத்துவிட வேண்டாம், அதிலேயே அவர்களுக்கு உணவும் உடையும் அளியுங்கள், அவர்களிடம் நல்ல சொல் பேசுங்கள் என்று அல்லாஹ் கூறுகிறான் (4:5). அடுத்த வசனத்தில் அநாதைகளின் சொத்தை ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளச் சொல்கிறான் (4:6). பணத்தைப் பாதுகாக்கச் சொன்ன அதே வசனத்தில் நல்ல சொல்லையும் சேர்த்திருக்கிறான். ஆகவே ஒவ்வொரு ரசீதும், ஒவ்வொரு சில்லறையும் எழுதப்பட வேண்டும். மேலாளர் பார்க்கிறார் என்பதற்காக எழுதினால் அது வேலை. அல்லாஹ் பார்க்கிறான் என்று எழுதினால் அது இபாதத்.

நம் மஹல்லாவுக்கு வருவோம்

இங்கிலாந்தைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போவது சுலபம். நம் வீடுகளில் உள்ள பெற்றோர் இரவில் தூக்கமில்லாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?

வாப்பாவும் உம்மாவும் மௌத்தான பிறகு என்ன நடக்கிறது? சொத்தைப் பிரிக்கும்போது, "அவனுக்கு எதுக்குப் பங்கு? நாங்கதானே பாத்துக்கிறோம்" என்று சொல்லி அவருடைய பங்கை விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அல்லாஹ் சூரத்துந் நிஸாவில் பங்குகளை நிர்ணயித்தபோது அறிவில் குறை உள்ள பிள்ளைக்குப் பாதி என்று சொல்லவில்லை. அவருக்கு முழுப் பங்கு உண்டு. நிர்வகிக்கும் பொறுப்பு உங்களிடம் வரலாம். உடைமை அவருடையது. அவரைப் பார்த்துக்கொள்வதற்குக் கூலியாக அவர் பங்கையே எடுத்துக்கொள்வது, அவரால் கேள்வி கேட்க முடியாது என்ற துணிச்சலில் செய்யும் அநியாயம். மறுமையில் அவர் பேசுவார்.

சட்டப்படியான வழிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. மாவட்ட ஆட்சியரைக் கொண்ட உள்ளூர் அளவிலான குழுவிடம், 18 வயது கடந்தவருக்குப் பாதுகாவலரை நியமிக்க விண்ணப்பிக்கலாம். பாதுகாவலர் தேவையா, எந்தக் காரியங்களுக்குத் தேவை என்று அந்தக் குழு பார்க்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அவரோடு கலந்து சேர்ந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையைச் சொல்கிறது. நீங்கள் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவையுங்கள். அவரிடமும் கேளுங்கள்: யாரோடு இருக்கப் பிடிக்கும்? எங்கே இருக்கப் பிடிக்கும்? நாற்பது வருடமாக அவரை யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பள்ளிவாசலிலும் அவருக்கு இடம் வேண்டும். கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) நபி (ஸல்) அவர்களிடம், வீடு தூரம், எனக்கு ஒத்துவராத வழிகாட்டிதான் இருக்கிறார், வீட்டிலேயே தொழுதுகொள்ளவா என்று கேட்டார்கள். பாங்கு கேட்கிறதா என்று நபியவர்கள் கேட்டார்கள். ஆம் என்றதும், அப்படியானால் உமக்கு விலக்கு இல்லை என்றார்கள் (அபூதாவூத்). அதே தோழரைத்தான் ஃபஜ்ருக்கு பாங்கு சொல்பவராகவும் வைத்தார்கள். உடற்குறை உள்ள ஒரு மனிதருக்கு வழிகாட்டி தேவைப்படுவதும், அந்த வழிகாட்டி ஒத்துவராமல் போவதும் அன்றே பேசப்பட்டிருக்கிறது. ஆனால் அவரை வீட்டில் இருத்திவிடவில்லை. அறிவில் குறை உள்ளவர் மீது தொழுகை கடமையா இல்லையா என்பதை ஆலிம்கள் அவரவர் நிலை பார்த்துச் சொல்வார்கள். கடமை இல்லை என்றாலும் வரக் கூடாது என்று ஆகாது. நம் ஸஃப்பில் ஒருவர் சத்தமாக ஆமீன் சொன்னால், இடையில் எழுந்து நடந்தால், திரும்பி முறைக்காதீர்கள். அவர் பக்கத்தில் நின்று தொழும் ஒரு தோள், அவருக்கும் அவருடைய தாய்க்கும் பெரிய ஆறுதல்.

அன்பர்களே! உங்களில் உள்ள பலவீனமானவர்களைக் கொண்டுதான் உங்களுக்கு உதவியும் ரிஸ்க்கும் கிடைக்கின்றன என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் ஸஅத் (ரலி) அவர்களிடம் சொன்னார்கள் (புகாரி). நாம் அவர்களுக்குச் சோறு போடுகிறோம் என்று நினைக்கிறோம். அவர்களால்தான் நமக்குச் சோறு வருகிறது என்று அல்லாஹ்வின் தூதர் கற்றுத் தருகிறார்கள். இதை நம்புகிறவர், உதவும் கையை ஆளும் கையாக மாற்ற மாட்டார்.

யா அல்லாஹ்! எங்கள் பொறுப்பில் உள்ளவர்களின் உயிரையும் மானத்தையும் பொருளையும் நேர்மையாகக் காக்க எங்களுக்கு உதவி செய்வாயாக. அவர்கள் பேச்சைக் கேட்கும் பொறுமையை எங்களுக்குத் தருவாயாக. எங்களுக்குப் பிறகு அவர்களை யாருடைய கையில் நீ ஒப்படைத்தாலும் அந்தக் கைகளில் ரஹ்மத்தை வைப்பாயாக. வீடு வீடாகச் சென்று இந்தப் பணியைச் செய்யும் எங்கள் சகோதர சகோதரிகளின் உழைப்பை ஏற்றுக்கொள்வாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.